வள்ளி வைத்த மந்து

வள்ளிக்கு மெதுவாகப் பேச வராது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் விசைத்தறி ஓட்டுகிற யாருக்குத்தான் வரும்? தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும் கொட்டகையில் ரகசியம் பேசியா காலம் தள்ள முடியும்? மற்றவர்கள் வீட்டுக்குப் போனதும் குரலை இறக்கிக்கொள்வார்கள். வள்ளி இறக்கமாட்டாள். கோபம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தெருக்கோடி வரை எட்டும். அவளுக்குக் கோபம் அடிக்கடி வரும். பெரும்பாலும் நியாயமாகவே வரும்.

தம்பி வேதாச்சலத்தின் மகன் யஸ்வந்த் அவள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். வள்ளிக்குப் பிள்ளை இல்லை. தம்பியும் அவன் மனைவி துர்காதேவியும் ஆளுக்கொரு ஷிப்ட் போய்விடுவதால், பள்ளிக்கூடம் விட்டதும் பையன் நேரே அத்தை வீட்டுக்குத்தான் வருவான். ஜூனியர் காலேஜில் இன்டர், அதாவது பிளஸ் ஒன், சேர்ந்த வருஷம் ஆள் மாறிப்போனான். தட்டைத் தள்ளினான். உட்கார்ந்த இடத்திலேயே தலை தொங்கியது. ஒரு நாள் காரணமில்லாத சிரிப்பு, மறுநாள் எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். அவன் பேன்ட்டைத் துவைக்க எடுத்தபோது பையிலிருந்து வலி மாத்திரையின் காலி அட்டைகள் கொத்தாக விழுந்தன. ரயில்வே கேட் பக்கம் நாலைந்து பையன்களோடு அவன் கண் சொருகிக் கிடந்ததை வள்ளி ஏற்கெனவே பார்த்திருந்தாள். போதைக்குத் தின்கிறான் என்று இப்போது புரிந்தது. அட்டைகளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினாள்.

"துர்கா! பையன் வயித்துக்குள்ள மந்து போய்க்கினு கீது! கவனிச்சிக்கோ!"

மந்து தெலுங்குச் சொல். நகரித் தமிழர் வாயில் அது சொந்தச் சொல் மாதிரிப் புழங்கும். டாக்டர் தருவதும் மந்து, ஒயின் ஷாப்பில் விற்பதும் மந்து, வேண்டாதவர்கள் சோற்றில் கலந்து வைப்பதாகச் சொல்லும் செய்வினைப் பொடியும் மந்து. பையன்கள் அந்த மாத்திரைக்கும் அதே பேரைத்தான் வைத்திருந்தார்கள். தறிச் சத்தத்தில் துர்காதேவிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்த பாதிக்குத் தான் பயந்துகொண்டிருந்த அர்த்தத்தையே எடுத்துக்கொண்டாள். முகம் வெளுத்துப்போய்த் தலையாட்டினாள். சொல்லியாயிற்று, பெற்றவள் பார்த்துக்கொள்வாள் என்று வள்ளி திரும்பிவிட்டாள்.

பெற்றவள் பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: பையனைப் பலமனேர் பக்கம் மந்து எடுக்கிற ஒருவனிடம் கூட்டிப்போனாள். அவன் பையன் வயிற்றை அமுக்கி, குழல் வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஏதோ ஒரு உருண்டையைக் கிண்ணத்தில் துப்பிக் காட்டினான். வைத்தது யார் என்று கேட்டதற்கு, "சொந்தத்துலயே ஒரு பொம்பள. அடிக்கடி சோறு போடற கை" என்றானாம். பாவி. அவன் நாக்கு அழுகாதா?

மறுநாள் துர்காதேவி வள்ளி வீட்டு வாசலில் நின்றாள். பின்னால் யஸ்வந்த்.

"அண்ணி, இனிமே எம் புள்ள உங்க வூட்ல கை நனைக்க மாட்டான். நீங்க வெச்ச மந்த எடுத்தாச்சி."

வள்ளி முதலில் சிரித்தாள். பிறகுதான் உறைத்தது. பையனைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை போதும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பழி அத்தை தலையில் விழுந்தால் தன் பையை யாரும் சோதிக்கமாட்டார்கள் என்ற கணக்கு அந்த முகத்தில் தெரிந்தது. துர்கா சொன்னதைக்கூட வள்ளி பொறுத்திருப்பாள். அவன் வாய் திறக்காததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"எக்கேடாவது கெட்டுப் போங்க!" என்று கதவை அறைந்து சாத்தினாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் அட்டைகள் அப்படியே கிடந்தன. அதற்குப் பிறகு தெருவில் யாரும் பிள்ளைகளை அவள் வாசல் பக்கம் விடவில்லை. குழாயடியில் அவள் வந்தால் குடங்கள் நகர்ந்தன.

ஒரு நாள் யஸ்வந்த் காலேஜ் வாசலில் உதடு நீலம் பாய்ந்து விழுந்தான். பக்கத்து ஆஸ்பத்திரியில் எப்படியோ உயிரைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை அளவு மீறிவிட்டது என்று அங்கே சொன்னதை மறைத்து, வேதாச்சலம் தெருவுக்கு, "வெயில்ல மயக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வள்ளிக்கு விஷயம் எட்டியதும் கோபம், மானம், சபதம் எல்லாம் பறந்தன. அட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு போய்த் தம்பி வீட்டு நடுக்கூடத்தில் கொட்டினாள்.

"இதாண்டி நான் வெச்ச மந்து! நல்லா பாரு! தறிகிட்ட வந்து கத்தனேனே, இதத்தான் சொன்னேன்!"

துர்காதேவி ஒவ்வொரு அட்டையாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். எல்லாம் காலி.

"அக்கா, மெதுவா பேசு. தெருவுக்குக் கேக்குது" என்றான் வேதாச்சலம்.

"கேக்கட்டுமே! என்னிய மந்து வெச்சவள்னு சொன்னப்போ தெருவுக்குக் கேக்கலயா? அப்போ எங்கடா போச்சு உன் மானம்?"

"திருமலைக்கு வேண்டிக்கினு கீறேன். மொட்ட போட்டுட்டா..."

"மொட்ட போட்டா முடி போவும். மாத்திர போவுமா? பெருமாள் வேணாம்னு நான் சொல்லல. அவர் மலையடிவாரத்துலயே பெரிய ஆஸ்பத்திரி கீது. மொதல்ல அங்க போலாம், அப்புறம் மல ஏறலாம்."

பஸ் ஸ்டாண்டு சுவரில் தினமும் பார்த்த எண் அவள் நினைவில் இருந்தது: 14446. போதைப் பழக்கத்துக்கு உதவி கேட்கும் இலவச எண். அங்கேயே நின்று போன் போட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் திருப்பதி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். போலீஸ் வருமா என்று வேதாச்சலம் சைகையில் கேட்க, வள்ளி அதையும் உரக்கக் கேட்டாள். இது வியாதி, வைத்தியம்தான் பார்ப்பார்கள் என்று பதில் வந்தது.

பஸ்ஸில் யஸ்வந்த் அவள் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அத்தே, என்னிய திட்டு."

"திட்டாம வுடுவனா? எனக்குப் பழி வந்தப்போ வாய மூடிக்கினு நின்னியேடா. மொதல்ல பொழச்சி வா, அப்புறம் வெச்சிக்கறேன்." சொல்லிக்கொண்டே சால்வையை அவன் மேல் இழுத்துப் போட்டாள்.

டாக்டரம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை. பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும், அதற்கு மருந்து தருகிறோம், நடுவில் ஒருமுறை வழுக்கினாலும் ஒளிக்காமல் கூட்டி வாருங்கள் என்றாள். சில நாள் வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பும்போது தெலுங்கில் ஒன்று கேட்டாள்: "ஈ மந்துலு இன்ட்லோ எவரு இஸ்தாரு?" வீட்டில் இந்த மருந்தை யார் கொடுப்பீர்கள்? பையன் கையில் விடக்கூடாது. பொறுப்பான ஒருவர் பக்கத்தில் நின்று விழுங்கவைக்க வேண்டும்.

துர்காதேவி மருந்துப் பையை வாங்கி வள்ளியின் மடியில் வைத்தாள். "நீங்களே குடுங்க, அண்ணி" என்றாள்.

"தெருவுல இன்னா சொல்வாங்க?" என்றாள் வள்ளி. கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் அவள் விடவில்லை.

இப்போது தினமும் காலையில் யஸ்வந்த் அவள் வாசலுக்கு வந்து நிற்கிறான். இட்லி தின்ற பிறகுதான் மாத்திரை. அவன் வாயைத் திறக்கவைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தால், தறிக்கொட்டகைக் குரலில் தெருவுக்கே சொல்கிறாள்:

"நல்லா பாத்துக்கோங்க! நான்தான் மந்து குடுக்கறேன்! எம் பையனுக்கு என் கையால!"