வளாகத்துக்கு வெளியே ஒரு வகுப்பறை

எங்கள் பல்கலைக்கழகத்தில் இனி ஆசிரியர்களும் அலுவலர்களும் அவரவர் செல்போனில்தான் வருகையைப் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கென்று ஒரு செயலி. வளாகத்துக்குள் நின்று அழுத்தினால் பச்சை வரும். நாம் வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

முதல் நாள் வகுப்பில், மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அழுத்தினேன். சிவப்பு. ‘நீங்கள் வளாகத்துக்கு வெளியே இருக்கிறீர்கள்’ என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் வெளியேதான் இருந்தேன்.

முன்வரிசையில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். “மேம், அப்ப நீங்க வரலையா? நாங்க கிளம்பலாமா?”

துறைத்தலைவரிடம் ஓடினேன். அவருக்கும் சிவப்புதான். வரைபடத்தில் எல்லைக்கோடு போட்டவர்கள் கடைக்கோடியில் இருந்த எங்கள் கட்டடத்தை விட்டுவிட்டு, மதுரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டீக்கடையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மெயில் போட்டிருக்கேம்மா. அதுக்காக லீவுல போயிர முடியுமா? வாங்க, டீக்கடைக்குப் போய் வேலைக்கு வந்துட்டு வருவோம்” என்றார்.

மறுநாளிலிருந்து துறை முழுக்க ரோட்டைக் கடந்தது. நேரத்துக்கே வராதவர்கள்கூட முன்னாடியே வந்தார்கள். பிந்தினால் வடை தீர்ந்துவிடும். கடைக்கார பாய்க்கு எங்கள் செயலி எங்களைவிட நன்றாகப் பழகிவிட்டது.

“மேடம், அங்கன நின்னா விழாது. பாய்லர் பக்கமா செத்த வாங்க” என்பார். ஒருநாள் தலைவரிடம் கேட்டார்: “நம்ம கடையவும் யுனிவர்சிட்டில சேத்துட்டாங்களாம்ல சார். எனக்கு எப்ப சம்பளம் போடுவாங்க?”

கொஞ்ச நாளில், பணி நேரத்தில் ஆசிரியர்கள் டீக்கடையில் கூடுவது ஒழுங்கீனம் என்று சுற்றறிக்கை வந்தது. எல்லாரும் ஒரே இடத்தில் இருந்ததால், தலைவர் அதை டீக்கடையிலேயே வாசித்தார்.

பிறகு ஒரு பொறியாளர் வந்து எல்லைக்கோட்டை எங்கள் பக்கம் இழுத்துவிட்டார். வகுப்பறையிலேயே பச்சை வந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஆனால் கோடு நகர்ந்ததில் பக்கத்துக் கட்டடமான நூலகம் வெளியே போய்விட்டது.

நூலகர் அம்மாவும் நானும் பேசுவதில்லை. நான் ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேனா இல்லையா என்பதில் எங்களுக்குள் பெரிய சண்டை. மறுநாள் காலை அவர் போனும் கையுமாக, நூலகத்தை ஒட்டியிருந்த என் அறை வாசலில் நின்றார்.

“உங்க ரூம்லதான் நான் வேலைக்கு வந்ததாக் காட்டுதாம்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன். நெட் மெதுவாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், மகளுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மாப்பிள்ளை பார்த்திருப்பதைச் சொன்னார். பையன் அதிகம் பேசமாட்டானாம். அதுதான் அவருக்குக் கவலை. பச்சை வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது தினமும் வருகிறார். கோட்டைச் சரிசெய்யச் சொல்லி மெயில் போட அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.