ஐஸ் ஆலைப் புகையும் நானும்

இன்ஜின் ஓட்டுகிறவனை ஊர் இரண்டு சமயம்தான் நினைக்கும்: இன்ஜின் நின்றால், இல்லை புகைந்தால். அக்கம்பக்கத்தில் திட்டு வாங்கியே பிழைப்பு நடத்துகிறவர்கள் எல்லாரும் என் கட்சி, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மலாயாவுக்கு மெர்டேகா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் நான் மலாக்காவில் காஜா பெராங் பகுதியில் ஓர் ஐஸ் ஆலையில் இன்ஜின் டிரைவர். எங்களுடையது கேஸ் இன்ஜின். அடுப்புக்கரியை உலையில் எரித்து, அதில் வரும் வாயுவைத் தண்ணீரில் கழுவி இன்ஜினுக்குள் இழுப்போம். எரிந்த மிச்சம் கூரைக்கு மேலே குழாய் வழியாகப் போகும். போனது அப்படியே போய்விடாமல் கரித்தூளாகக் கீழே இறங்கும். அங்கேதான் வம்பு.

புதுக் கொடி

வேலிக்கு அந்தப் பக்கம், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சத்தார் வாழும் செட்டி கம்பத்துக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு அம்மாளை, மலாயில் அத்தை என்கிற மாதிரி, மாச்சிக் என்று கூப்பிடுவோம். மாரியம்மனுக்கு எங்களைவிட ஒழுங்காகப் பூஜை செய்வார். பேச்சு மட்டும் மலாய். சுதந்திரத்துக்கு வாசலில் புதுக் கொடி கட்டினார். மூன்றாம் நாள் அதில் சிவப்பு எது, வெள்ளை எது என்று தேட வேண்டியிருந்தது.

கொடியை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். போடவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் மலாயில் சொன்னதன் தமிழ் இது: "உன் இன்ஜின் நல்லா சாப்பிடுது, தம்பி. கையை மட்டும் எங்க வீட்டுக் கொடியில துடைக்குது."

ஒரு மாதம்

அந்த வாரமே நகரசபை சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சிரிப்பதில்லை. குழாய் வாயில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். அது போன கோலத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் புகை அடங்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

எங்கள் முதலாளி ஒரு சீனத் தவுக்கே. கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மின்சார மோட்டார் வாங்குவதைப் பற்றி அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. என்மேல் கோபமே இல்லாமல் சொன்னார்: "மோட்டாருக்கு டிரைவர் வேண்டாம். சுவிட்ச் போதும்."

அன்று முடிவு செய்தேன், ஒரு சுவிட்சிடம் தோற்பதில்லை என்று.

எண்ணெய்

நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். சிலிண்டருக்கு எண்ணெய் விடுகிறவர் முத்தையா, என் வயதுக்காரர், இன்ஜினைச் சாமியாகப் பார்க்கிறவர். சொட்டுச் சொட்டாக விழ வேண்டிய எண்ணெயைத் தாரையாக விட்டுக்கொண்டிருந்தார். நான் எண்ணெய்க் கிண்ணத்தின் திருகைக் குறைப்பேன். நான் சாப்பிடப் போனதும் அவர் திறந்துவிடுவார். நான்கு நாள் இப்படியே போனது. ஐந்தாம் நாள் சோற்றுப் பொட்டலத்தோடு எண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முத்தையாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பெத்த பிள்ளைக்குத் தலையில எண்ணெய் வைக்கிறப்ப சொட்டு எண்ணுவியா நீ?"

காற்று

நீலம் போயிற்று, நாற்றம் போகவில்லை. காற்று போதாமல் பாதி வாயு எரியாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. மாச்சிக் வீட்டில் எல்லாருக்கும் தலைவலி. வாயு கழுவும் கோபுரத்தைப் பிரித்துக் கொட்டி, அழுக்கை வடிகட்டப் புதுக் கற்கரித் துண்டுகள் அடைத்தேன். காற்றுக் கைப்பிடியை நெல்மணி நெல்மணியாகத் திறந்தேன். கூடினால் இன்ஜின் துள்ளும், குறைந்தால் நாறும். பத்து நாள் பிடித்தது சரியான இடம் கிடைக்க. கிடைத்ததும் அரத்தால் அங்கே ஒரு கோடு போட்டேன். மறுநாள் வேலியோரம் மாச்சிக் நின்றார். "இன்னிக்குத் தலைவலி இல்லை. கொடி கட்டலாமான்னு இன்னும் யோசிக்கிறேன்."

மாலை

கெடுவின் கடைசி நாள் ஆயுத பூஜைக்கு மறுநாளாக வந்து வாய்த்தது. பூஜையன்று அரை நாள் நிறுத்தி, இன்ஜினுக்குச் சந்தனம் குங்குமம் இட்டோம். மறுநாள் காலையில் ஓட்டினால் இன்ஜின் முனகுகிறது, குழாயில் டமார் டமார் என்று வெடிக்கிறது, உள்ளே படிந்திருந்த பழைய கரியெல்லாம் பறக்கிறது. கைப்பிடி கோட்டிலேயே இருந்தது. பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர்.

குனிந்து பார்த்தேன். காற்று இழுக்கும் வாயில் முத்தையா ஆசையாகப் போட்ட செவ்வந்தி மாலை! இன்ஜின் அதை உறிஞ்சி வாயை அடைத்துக்கொண்டிருந்தது. எடுக்கப் போனேன், மறுபூஜை ஆகாமல் மாலையில் கை வைக்கக் கூடாது என்று முத்தையா குறுக்கே நின்றார். சண்டை போட நேரமில்லை. கைக்குக் கிடைத்த கற்பூரம் அத்தனையும் தட்டில் கொட்டிக் கொளுத்தி நானே மறுபூஜை செய்தேன். முத்தையா கன்னத்தில் போட்டுக்கொண்டு மாலையைக் கழற்றினார். நாலு நிமிஷத்தில் இன்ஜின் தன் குரலுக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறிக் கைக்குட்டையைப் பிடித்தார். வெள்ளையாகவே திரும்பி வந்தது. கீழே இறங்கி இன்ஜின் அறைக்குள் தலையை நீட்டியவர் இருமினார். கண்ணைத் துடைக்க அதே கைக்குட்டையை எடுத்தார். "குழாய்ப் புகை சரி. இந்தக் கற்பூரப் புகையை எப்ப குறைக்கப் போறீர்?"

அன்று மத்தியானமே மாச்சிக் அந்தக் கொடியைத் துவைத்து, எங்கள் குழாய்க்கு நேர் கீழே வேலியில் காயப்போட்டார். என் உழைப்புக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான், அதையும் பொழுது சாய்ந்ததும் அவரே மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.