எதுவும் அச்சிடாத பை

யூலை ஒன்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, தேநீர் குடித்து, நெடுந்தீவுக்குப் படகேறினேன். பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வரும் மாணவருக்கு என்ன வரவேற்புப் பரிசு கொடுக்கலாம் என்று அவர்களிடமே கேட்டறிவது என் வேலை.

இவ்வாண்டு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஒரு பெண், தன் வீட்டு முற்றத்தில் நான் உட்காரக் கதிரை போட்டாள். மெலிந்தவள். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருமுறை தெருவாசல் படலையைப் பார்த்தாள். பல்கலைக்கழகச் சின்னம் அச்சிட்ட மாதிரிப் பையை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"மிஸ், இது பையில்லை, நெத்தியில ஒட்டுற நோட்டீஸ். புதுப்பிள்ளை எண்டு சீனியர்மார் பஸ்ஸிலயே பிடிச்சு ராகிங் பண்ணுவினம். பகிடிவதை தாங்கேலாமல் எங்கட அண்ணை இரண்டு கிழமையில திரும்பி வந்தவர். இன்னும் அறையை விட்டு வாறேல்லை."

"அப்ப என்ன தரலாம்?"

"எங்களை ஆரெண்டு தெரியாமல் விட்டாக் காணும். என்ர பேரையும் எழுதாதேங்கோ."

எழுதியிருந்த பெயரை அவள் முன்னாலேயே வெட்டினேன். திரும்பும் படகில் மாதிரிப் பையைச் சின்னம் தெரியாமல் மடித்து வைத்தேன். அந்தப் பைகளை நானே அல்லவா அவர்கள் தோளில் மாட்டிவிட இருந்தேன்?

மறுநாள் காலை, முதல் வேலையாக அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, பையில் எதையும் அச்சிட வேண்டாம் என்றேன்.