கண்டலானுக்கு வால் கேட்டுப் போன கதை

ஓட்டோவுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டும் தொழிலில் படம் யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. கடை வைத்து அல்லாடும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

துடுப்பு வால்

சுனாமிக்கு அடுத்த வருடம், அகதி முகாமில் தண்ணீர்த் தாங்கிகளுக்கு இலக்கம் எழுதப் போனேன். கொட்டில் தகரங்களிலெல்லாம் ஒரு பிராணியின் படம்: மீன் தலை, கண்டல் மரத்து வேர் மாதிரிக் கால்கள், வால் மட்டும் கொட்டிலுக்குக் கொட்டில் வேறு. பெயர் கண்டலானாம், வாவியின் அடியில் நடந்து திரியுமாம். மலர் என்ற இருபது வயதுப் பிள்ளை தன் மனதிலிருந்து உண்டாக்கியது. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிறகு, துடுப்பு வால் வைத்த ஒன்றைப் பார்த்து ஸ்டிக்கராக வெட்டி, புளியந்தீவில் என் கடையில் தொங்கவிட்டேன். ஒரே கிழமையில் ஏழு ஓட்டோவில் ஏறிவிட்டது.

மலர் கடைக்கு வந்தாள். காசுக்குத்தான் என்று நினைத்து ஒரு விலை சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஏற்றிச் சொன்னேன். அதற்கும் அதே தலையாட்டல். எனக்குச் சூடேறி, "இது உன்ட எண்டதுக்குப் பத்திரம் இருக்கா புள்ள?" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"என்னட்டக் கேட்டா ஆருக்கும் ஒரு வால் குடுப்பன் அண்ணன். ஒராளுக்குக் குடுத்த வால இன்னொராள் கீறப்படாது. துடுப்பு வால் செல்லையா மாமாட. தோணியும் போய், வலையும் போய், தன்ட எண்டு சொல்ல அவருக்கு இப்ப அது ஒண்டுதான்."

ஏழு ஓட்டோ

இனி விற்கமாட்டேன், விட்டுவிடு என்று பேரம் பேசினேன். ஒட்டினதையும் உரிக்க வேண்டும் என்றாள். ஐந்து ரூபாய்க்கு என்னோடு மல்லுக்கட்டுகிற ஓட்டோக்காரர்கள் அவர்கள். சண்டைக்குத் தயாராகத்தான் தரிப்பிடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அதில் பெரிய வாய்க்காரன் பிளேடை எடுத்து உரிக்கத் தொடங்கினான். மற்ற ஆறு பேரும் இறங்கினார்கள். காசைத் திருப்பித் தருகிறேன் என்று என் வாயிலிருந்தே வந்தது. பெரிய வாய்க்காரன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"காச வெச்சிருங்க முதலாளி. மனிசன்ட வாலப் பின்னால ஒட்டிக்கிட்டு, அந்த மனிசனையே நான் எப்பிடி ஏத்திப் போற?"

நெற்கதிர் வால்

யுத்தம் முடிந்த பிறகு வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம், உழவு இயந்திரங்களுக்கு இலக்கத் தகடு எழுதப் போனேன். வயல் வட்டையில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு மெஷினில் கண்டலான் இருந்தது, நெற்கதிர் வாலோடு. மலரின் படத்தைக் களவெடுத்துவிட்டார்கள் என்று சேற்றில் இறங்கிக் கத்தினேன். மெஷினை ஓட்டிய அம்மா ஆறுதலாக இறங்கி வந்தார்.

அவர் சொல்லித்தான் விளங்கியது: சண்டைக்குள் பானை சட்டிகளையும் விட்டுவிட்டு டவுனுக்கு ஓடி வந்த சனம் இது. முத்திரை இல்லை, கையெழுத்து இல்லை, பிடிக்கப் பொலிஸ் இல்லை. ஒரு பிள்ளையின் வாய்ச்சொல்லை மட்டும் பத்திரமாக ஊருக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்:

"கத்தாதீங்க தம்பி. சண்டைக்குள்ள ஓடி வந்து டவுன் பள்ளிக்கூடத்தில இருக்கக்குள்ள அந்தப் புள்ளையிட்டக் கேட்டு வாங்கின. கதிர் வால் எங்கட. உங்கட வால் எது?"

என்னுடைய வால்

சேற்றுக் காலோடு திரும்பினேன். அடுத்த நாளே மலரின் புது வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, எனக்கும் ஒன்று தா என்று கேட்டேன். ஒரு மட்டைத்துண்டில் தலை கீறினாள், கால் கீறினாள், பென்சிலை வைத்துவிட்டாள். வால் எங்கே என்றேன்.

"முளைக்கும் அண்ணன். இனி ஆருட வாலையும் களவெடுக்காம இருங்க பாப்பம்."

சொன்ன விலையில் பாதிக்கு முழுச் சரக்கு கேட்டே பழகிய நான், பாதிச் சரக்கை வாங்கிக்கொண்டு மறுபேச்சில்லாமல் வீடு வந்தது அந்த ஒரு நாள்தான்.