கதவில் போட்ட சிவப்புக் கோடு

என்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று இவர் வந்து கேட்டபோது என் அப்பா மறுபேச்சுப் பேசாமல் சரி என்று சொல்லிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் சந்தோஷத்தில் துள்ளியிருப்பான். இவர் என்ன செய்தார் தெரியுமா? என் சித்தப்பாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டாரே, பொண்ணுக்கு என்ன குறை?" என்று கேட்டார். சித்தப்பா அதை என்னிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை.

மரம் வெட்டும் கூட்டத்தில் இவருக்கு வைத்த பெயர் மோப்பம். கடைக்காரர் ஒரு சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு மூன்றாவது கடைக்குப் போவார். டாக்டர் "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்றால் அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. "ஒண்ணுமில்லன்னா ஏன் அவ்வளவு நேரம் உத்துப் பாத்தான்?" என்று படுக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார். அட, மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனால் காட்டில் அந்தக் குணம்தான் இவரை உயிரோடு வைத்திருந்தது, அதையும் சொல்ல வேண்டும். ரம்பத்தை எடுக்குமுன் ஒவ்வொரு மரத்தையும் கோடரியின் பின்பக்கத்தால் தட்டிப் பார்ப்பார். உள்ளே பொத்தலாக இருந்தால் சத்தம் வேறு மாதிரி வருமாம். ஓடித் தப்பிக்கப் பின்னால் ஒரு வழியைச் சுத்தம் செய்து வைத்துவிட்டுத்தான் அறுக்கத் தொடங்குவார். உலகத்தில் இவர் நம்பியது ஒரே ஓர் ஆளை. இவர் அறுக்கும்போது முதுகுக்குப் பின்னால் நின்று மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் அவன். எந்திர ரம்பத்தின் இரைச்சலில் மேலே கிளை முறிந்தாலும் அறுக்கிறவருக்குக் கேட்காது. பின்னால் நிற்கிறவன் தோளில் தட்டினால் ஏன், எதற்கு என்று கேட்காமல் ஓட வேண்டும். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் இந்த மனுஷன் அவனிடம் மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவனை எல்லோரும் உச்சி என்றே கூப்பிடுவார்கள். இவரைவிட வயதில் சின்னவன். இவர் அவனுக்கு அண்ணன், நான் அண்ணி. கம்பெனி கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி அவன் வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

திடீரென்று ஒரு நாள் கம்பெனி வெட்டை நிறுத்திவிட்டது. இனி அந்த மலையில் ஒரு மரமும் வெட்டுவதில்லை என்றார்கள். ரம்பங்களை வாங்கிக் கிடங்கில் போட்டுப் பூட்டினார்கள், எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தது. மூட்டை தூக்கவோ கட்டட வேலைக்குப் போகவோ முடியாது. உட்கார்ந்து செய்கிற மாதிரி ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டால்தான் எங்களுக்கு அடுத்த வேளைச் சோறு. இது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்.

அப்போதுதான் டவுன் பயிற்சி மையத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை, படிப்பம்மா என்றே வைத்துக்கொண்டோம். காட்டு வேலை போனவர்களுக்கு மோட்டார், பம்பு செட், ஜெனரேட்டர் பழுது பார்க்கும் படிப்பு சொல்லித் தருவார்களாம். கட்டணம் மொத்தத்தையும் அரசாங்க நிதியே கட்டிவிடுமாம். மதியச் சாப்பாடும் உண்டாம். திங்கட்கிழமை காலையில் வேன் வரும், அதில் ஏறி வந்தால் அன்றைக்கே சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததோ இல்லையோ, இவர் ஆரம்பித்துவிட்டார்.

"படிக்கிறது நான். பணம் கட்டறது அவங்க. எதுக்கு?"

"வேலை போனவங்களுக்கு உதவி பண்றாங்க. அதுல என்னங்க இருக்கு?"

"கம்பெனிக்காரன் ஒரு வருஷம் ஓசியில பூட்ஸ் குடுத்தானே, ஞாபகம் இருக்கா? அந்த வருஷம்தான் மழையிலயும் வெட்டணும்னு சொன்னான். ஓசின்னு வந்தாலே பின்னாடி ஒரு ஆள் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான்னு அர்த்தம்."

அது உண்மைதான். நானும் ஒத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் இவர் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். படிப்பில் சேர்ந்தால், நாமாகவே கம்பெனியை விட்டு வேறு தொழிலுக்குப் போனதாக ஆகிவிடும். உடனே வீட்டைக் காலி பண்ணு என்பார்கள். டீக்கடையில் இதைச் சொன்னார். வரிசை முழுக்கப் பரவ அரை நாள் போதுமானதாக இருந்தது. நானே பாதி நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை, காட்டில் மரத்துக்குக் குறி போடுகிறவர் எங்கள் வரிசைக்கு வந்தார். அவருக்கும் வேலை போயிருந்தது. கையில் அதே பழைய பெயின்ட் டப்பா, அதே பிரஷ். ஒரு வார்த்தை பேசாமல், வெட்டு வேலை பார்த்தவர்கள் இருக்கும் வீடாகப் பார்த்து, ஒவ்வொரு கதவிலும் நெஞ்சு உயரத்தில் சாய்வாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

"என்னய்யா இது?" என்று இவர் கேட்டார்.

"ஆர்டர்," என்றார் அவர். காட்டிலும் அவர் பேசும் ஒரே வார்த்தை அதுதான். அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

வேறு ஊர்க்காரர்கள் என்றால் ஏதோ கணக்கெடுப்பு என்று விட்டிருப்பார்கள். எங்கள் வரிசைக்காரர்களுக்குச் சிவப்புச் சாய்கோடு என்றால் ஒரே அர்த்தம்தான். அந்தக் கோடு போட்ட மரம் அடுத்த வாரம் தரையில் கிடக்கும். வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று பெண்கள் வாசலுக்கு வந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். இவரோ குனிந்து கதவின் கால்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்துக்குக் குறி போடும்போது அடியிலும் ஒன்று போடுவார்கள். வெட்டி எடுத்துக்கொண்டு போன பிறகும் அடிக்கட்டையில் அந்தக் குறி நிற்கும், அதைப் பார்த்துத்தான் ஆபீசர் கணக்குச் சரிபார்ப்பார்.

"கீழ குறி இல்ல, பாத்தியா? இது திருட்டு வெட்டு. மேல உள்ளவனுக்குத் தெரியாம நடக்குது."

"ஏங்க, கதவுக்கு ஏதுங்க அடிக்கட்டை?"

"அதைத்தாண்டி நானும் சொல்றேன்!" என்றார். என்னத்தைச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு வரும்போது வரிசை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். இவர் பழந்துணியும் கையுமாக, எங்கள் கதவில் தொடங்கிக் கடைசி வீட்டுக் கதவுவரை ஒரு சிவப்புத் துளிகூட இல்லாமல் துடைத்து முடித்திருந்தார். "நம்ம வீட்டை மட்டும் காப்பாத்திக்கிட்டா போதுமா?" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அக்கம்பக்கத்தார் வந்து, மோப்பம்னா மோப்பம்தான் என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். உச்சி சாப்பிட உட்கார்ந்தவன், "அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா நாம நடுத்தெருவுலதான்," என்றான்.

திங்கட்கிழமை காலையில் ஆண்கள் எல்லோரும் வீட்டை இடிக்கக் கூடாது என்று கம்பெனி கேட்டுக்குக் கத்தப் போனார்கள். இவர் போகவில்லை. எல்லோரையும் அங்கே வரவழைத்துவிட்டு இங்கே ஆளில்லாத வீட்டை இடிக்கத்தான் திட்டமோ என்று இவருக்குச் சந்தேகம். வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வேன் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வரிசைக் கடைசிவரை ஊர்ந்தார். அங்கே வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பப் பார்த்தார். எனக்கு என்னமோ உறுத்தியது. கையிலிருந்த துடைப்பத்தோடு ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"படிப்பு வண்டிதானே இது? ஏங்க திரும்பிப் போறீங்க?"

"ஆமாம்மா. சிவப்புக் கோடு போட்ட வீட்டு முன்னாடி நிறுத்தச் சொன்னாங்க. ஒரு வீட்லயும் இல்லையே. யாருக்கும் வேணாம் போலன்னு திரும்பிட்டேன்."

டிரைவரைக் குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. படிப்பம்மாவுக்கு எந்த வீட்டில் யார் என்று தெரியாது, ஆட்களைத் தெரிந்த குறிக்காரரைக் கூலிக்குப் பிடித்திருக்கிறார். அந்தப் புண்ணியவான் கையில் இருந்த பெயின்ட்டை எடுத்து, கைக்குப் பழகிய கோட்டைப் போட்டுவிட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

இவரைப் பிடித்து வேனில் தள்ளி நானும் ஏறினேன். மற்ற ஆண்கள் வரட்டும் என்றால் டிரைவர் நிற்கவில்லை. வழி முழுக்க இவர், "எங்க கூட்டிட்டுப் போறான், பாத்து வச்சுக்கோ," என்று என் காதைத் தின்றார்.

பயிற்சி மையத்தில் ஒரு நீளமான அறை. காலி பெஞ்சுகள். மேசைமேல் பிரித்துப் போட்ட ஒரு மோட்டார். படிப்பம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். இவர் உட்காரவில்லை.

"இதுல உங்களுக்கு என்ன லாபம்?" என்று நின்றபடியே கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த அம்மா இவரை நிமிர்ந்து பார்த்தார். களைத்த முகம்.

"நாளைக்குள்ள பாதி பெஞ்சாவது ரொம்பலன்னா இந்தப் படிப்பையே ரத்து பண்ணிடுவாங்க. நான் இங்க தற்காலிகம். என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதுதாங்க என் லாபம்."

"படிச்சா கம்பெனி வீட்டைப் புடுங்கிக்குமா?"

"அதைப் பத்தி எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

இவர் முகம் தளர்ந்ததை நான் பார்த்தேன். எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசியிருந்தாலும் நம்பாத மனுஷன், தெரியாது என்று ஒருத்தி சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிரித்துப் போட்ட மோட்டாரைத் தன் பக்கம் இழுத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். வேலை போன நாளிலிருந்து அந்தக் கை சும்மாவே கிடந்தது.

வீட்டுக்குத் திரும்பினால், வரிசையே எங்களுக்காகக் காத்திருந்தது. கேட்டில் காவல்காரனிடம் கத்தித் தொண்டை கட்டிப்போய் வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"எல்லார் கதவையும் துடைச்சுட்டு, எங்களை அந்தப் பக்கம் அனுப்பிட்டு, இவரு மட்டும் ஜோரா வேன்ல போயிருக்காரு!"

முந்தின நாள் முதுகில் தட்டிய அதே ஆட்கள்! நான் பதிலுக்குக் கத்தினேன். இவர் என்னை அடக்கிவிட்டார். "நானா இருந்தாலும் அப்படித்தாண்டி நெனச்சிருப்பேன்," என்றார்.

பிறகு அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினார். எவன் சொன்னாலும் நம்பாதே என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர், என்னை நம்புங்கள் என்று கெஞ்சிக்கொண்டு போனதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "உனக்கு எவ்வளவு கமிஷன்?" என்று கேட்டார்கள். "நீங்க வரலன்னா எனக்கும் வகுப்பு கெடையாது. எனக்காகத்தான் கூப்பிடுறேன்," என்றார். அது அவர்களுக்குப் புரிந்தது. வேண்டா வெறுப்பாகச் சிலர் வருகிறோம் என்றார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள்.

உச்சி வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்தால் எழுந்துகொள்கிறவன், அன்று எழவில்லை.

"எல்லார்கிட்டயும் போயிட்டு எங்கிட்ட கடைசியா வர்றீங்களே அண்ணே. ஏன்?"

"நீ எப்படியும் வந்துடுவேன்னு தெரியும்டா."

"இல்ல, எடம் ரொம்பி எனக்கு இல்லாம போகட்டும்னு பாத்தீங்களா?"

இவர் படியில் வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தார். "டேய்... என்னையாடா கேக்குற?"

"ஏன் எதுக்குன்னு கேக்காம யாரையும் நம்பாதேன்னு நீங்கதானே சொல்லிச் சொல்லி வளத்தீங்க."

"உனக்கு நான் எத்தனை நாள் சோறு போட்டிருக்கேன்! உன் அண்ணன் உனக்குத் துரோகம் பண்ணுவாரா?" என்று நான் சத்தம் போட்டேன்.

அவன் என்னைப் பார்க்காமலே, "வேற எவனா இருந்தாலும் திட்டிட்டு நாளைக்கு வேன்ல ஏறியிருப்பேன் அண்ணி. இவருங்கறதாலதான் தாங்கல," என்றான். எழுந்து உள்ளே போய்விட்டான்.

மறுநாள் பாதி பெஞ்சுக்கு ஒன்றிரண்டு பேர் அதிகமாகவே சேர்ந்தார்கள். படிப்பு பிழைத்தது, படிப்பம்மா வேலையும் பிழைத்தது. இவர் இப்போது தினமும் வேனில் போய் வருகிறார். பம்பு செட்டைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிறாராம். புதுக் கம்பிச் சுருள் வந்தால் போலியோ என்று முகர்ந்து பார்க்கிறாராம், வகுப்பு எடுக்கும் மாஸ்டர் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டைப் பற்றிக் கம்பெனி இன்னும் வாய் திறக்கவில்லை. அதுவே இவருக்குப் பெரிய சந்தேகம்.

உச்சி அந்த வாரமே சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். தூரத்தில் வேறொரு மலையில் இன்னும் வெட்டு நடக்கிறது. அங்கே அவன் கையில் ரம்பத்தைக் கொடுத்து அறுக்க விட்டிருக்கிறார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"அவன் அறுக்கும்போது பின்னாடி நின்னு மேல யாருடி பாக்குறா?"

எனக்கு எப்படித் தெரியும்? "நல்ல ஆளாப் பாத்துத்தான் நிக்க வச்சிருப்பாங்க," என்றேன்.

கல்யாணமான நாளிலிருந்து நான் எது சொன்னாலும், உனக்கு யார் சொன்னது, எப்படித் தெரியும் என்று குடைந்து எடுக்கிற மனுஷன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். நான் அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதேன்.