லேட்டு ரொட்டியின் கருகிய மூலை

இன்று உடம்பு சரியில்லை என்றாலும் மனசு சரியில்லை என்றாலும் ஊரே லேட்டு ரொட்டிதான் கேட்கிறது. அதை முதலில் செய்தவர் என் அண்ணி. சந்தேகம் இருப்பவர்கள் என்னிடம் வரட்டும். முதல் தட்டைத் தின்றவர்களில் நானும் ஒருவன்.

நூல் ஆலை கேன்டீனில் அண்ணிதான் சமையல். சாப்பாட்டுச் சங்கு ஊதியதும் ரொட்டியைப் பிய்த்து சூப் அண்டாவில் போடுவார். நாங்கள் கை கழுவி வருவதற்குள் பதமாக ஊறியிருக்கும். ஒருநாள் சங்கு ஊதியது தீயணைப்பு ஒத்திகைக்கு. அதைக் கேன்டீனில் சொல்லத்தான் எந்த மகராசனுக்கும் தோன்றவில்லை! எங்களை ஒரு மணி நேரம் மழையில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே ரொட்டி சூப்பையெல்லாம் குடித்துக் கூழாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். அண்ணி முட்டையை அடித்து ஊற்றி, சதுரத் தட்டில் பரப்பி, ஓவனுக்குள் தள்ளிவிட்டார்.

நடுங்கிக்கொண்டு வந்த எங்களிடம், "லேட்டா வந்தா லேட்டு ரொட்டிதான். பேசாம தின்னுங்க!" என்றார். ஆளாளுக்கு மறுதட்டு கேட்டோம். அதன்பிறகு கேன்டீனில் அடிக்கடி லேட்டு ரொட்டிதான்.

அண்ணன் இறந்துபோன பிறகு, அண்ணி ஆலை வாசலில் அந்தப் பெயரிலேயே கடை போட்டார். அதுதான் அவருக்குப் பிழைப்பு. கடைத்தெரு ஹோட்டல்காரருக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கூட்டத்தோடு வந்து நின்றார்.

"இது எங்கப்பா கண்டுபிடிச்சது. போர்டை எடுத்துடுங்கம்மா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நீ சும்மா இருப்பா," என்று அண்ணி என்னை அடக்கிவிட்டு, சூடான தட்டை அவர் முன்னால் வைத்தார். அவர் நாலு மூலையையும் பார்த்துச் சிரித்தார்.

"பார்த்தீங்களா? ஒரு மூலைகூட கருகல. ஒரு மூலை கருகணும், அதுதான் எங்கப்பா சொன்ன ரகசியம்!"

"உங்கப்பா சரியாத்தான் பார்த்திருக்காரு," என்றார் அண்ணி. "அவருதானே கேன்டீனுக்கு ரொட்டி கொண்டு வருவாரு. எங்க ஓவனுக்கு ஒரு கால் உடைஞ்சிருந்துச்சு, கொஞ்சம் உசரமான செங்கல்தான் முட்டு. சாய்வுல மேட்டு மூலை எப்பவும் கருகிடும். அதை யாருக்கும் வைக்காம நானே தின்னுடுவேன். அதைப் போயா இத்தனை வருஷமா நம்பி வந்தவங்களுக்கு வச்சீங்க?"

ஹோட்டல்காரரோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடை வரிசையில் போய் நின்றார்கள்.

அந்தச் செங்கல்லைக் கொண்டுவந்து வைத்தவனே நான்தான். ஆனால் கருகியதையெல்லாம் அண்ணி தின்றார் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.