கழுத்து டாக்டரின் கழுத்து

என் அக்காள் கணவரின் சலூனில் நான் இரண்டாம் நாற்காலி. முதல் நாற்காலி அவருடையது. முடி வெட்டுவதில் மனிதர் சுமார்தான். கூட வேலை செய்கிற நானே சொல்கிறேன். ஆனால் வெட்டி முடித்ததும் தாடையில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே சட்டென்று ஒரு திருப்பு திருப்புவார். இடப்பக்கம் ஒரு சொடக்கு, வலப்பக்கம் ஒரு சொடக்கு. அதற்காகவே மூன்று தெரு தாண்டி ஆள் வரும். 'கழுத்து டாக்டர்' என்று பெயர். படித்துப் பட்டம் வாங்கியவர்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வலது கட்டைவிரல் மரத்துப்போனது. தோளிலிருந்து முழங்கை வரை சுரீரென்று ஓர் இழுப்பு வேறு. கத்தரிதான் காரணம் என்று புதுக் கத்தரி வாங்கினார். விரலுக்குத் தைலம் தேய்த்தார். "கழுத்துல ஏதாவது இருக்கும், போய்க் காட்டுங்க" என்று அக்காள் கரடியாய்க் கத்தினாள்.

"கழுத்தப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உண்மையில் அவர் பயந்தது வலிக்கு அல்ல. கழுத்து டாக்டருக்கே கழுத்து சரியில்லை என்று தெருவுக்குத் தெரிந்தால் பேர் என்னாவது? ஆகவே தினமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "மாப்ள, எனக்கு ஒரு தடவ எடுத்து விடு" என்பார். அவர் கற்றுக்கொடுத்தபடியே எடுத்து விடுவேன். மறுநாள் வலி கூடியிருக்கும். திட்டு எனக்கு விழும்.

ஒரு நாள் சவரத்தின் நடுவே விரித்த கத்தி அவர் கையிலிருந்து நழுவி வாடிக்கையாளரின் மடியில் விரித்திருந்த துணியில் விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அன்றைக்குத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மாமாவை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, தலையை வலப்பக்கம் சாய்த்து லேசாக அழுத்தினார். மாமா கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் துள்ளினார்.

"விரல்ல ஒண்ணுமில்லீங்க. கழுத்தெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போற நரம்ப அழுத்துது. ஸ்விட்சு கெட்டா பல்ப மாத்தி என்ன பண்றது? மாத்திரை, பிசியோதெரபி போதும். பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சில வாரத்துல சரியாயிடும். நாற்காலிய உசத்தி வச்சு நிமிர்ந்து வேலை பாருங்க. கையில பலம் இன்னும் குறைஞ்சாலோ நடை தள்ளாடினாலோ உடனே வாங்க." எழுதிக்கொண்டே கேட்டார்: "யாராவது கழுத்தச் சொடுக்கி விட்டாங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரிலிருந்த முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன்.

மூன்றாவது வாரம் விரலில் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனைக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். பிசியோதெரபி அறையில் அன்று எங்கள் பத்து வருட வாடிக்கையாளர், பஸ் ஓட்டுநர், கழுத்தில் காலரோடு உட்கார்ந்திருந்தார். கும்பிடப் போன சாமி குறுக்கே வந்ததுபோல் அவர் முகம் மலர்ந்தது.

"உங்களத்தான் நெனச்சேன். ஆறு வாரமா கை மரத்துக் கெடக்கு, வண்டி எடுக்க முடியல. இவங்க தடவித் தடவி என்னமோ பண்றாங்க. நீங்கன்னா ஒரே திருப்புதானே." காலரைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அறையிலிருந்த நாலு பேரும் வேடிக்கை பார்த்தார்கள்.

மாமாவின் கைகள் பழக்கத்தில் உயர்ந்தன. பாதியில் நின்றன.

"அண்ணே, நானும் வைத்தியத்துக்குத்தான் வந்திருக்கேன். எனக்கும் இதே நரம்புதான். சொடுக்கிச் சொடுக்கியே முத்த வச்சுக்கிட்டேன். உங்களுக்கும்... என் கையாலதான் ஆச்சோ என்னவோ."

ஓட்டுநர் உடம்போடு திரும்பி அவரைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கும்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அவர் காலரை நீட்டி, "ஒத்தக் கையால போட வரல" என்றார்.

மாமா எதிரில் போய் நின்று மாட்டி விட்டார். அந்தக் கழுத்தை இம்மியும் அசைக்காமல் மாட்டி முடிக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.